ஏழாவது செல்

தென்காசி வட்டாரத்தில் ஆவுடையப்பன் சமையல் என்றால், கல்யாணத்துக்குப் போகாதவன்கூடப் பந்திக்குப் போய்விடுவான். மனுஷன் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். சாமிக்குப் படைக்கும் முன்னால் எச்சில் படக் கூடாது என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். அண்டாவில் சாம்பார் கொதிக்கும். இவர் ஓரமாக நின்று மூக்கை நீட்டுவார். "இன்னும் ரெண்டு கை உப்பு போடு" என்பார். போட்டால் அளவாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு மனைவி சொர்ணம் இறந்துபோன பிறகு வாசனை நின்றுபோனது. மல்லிகையும் தெரியவில்லை, மண்ணெண்ணெயும் தெரியவில்லை. டாக்டர்கள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மூக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்தார்கள். அப்புறம் சமைத்த ரெண்டு கல்யாணத்தில் பெயர் கெட்டது. மூன்றாவதை அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மகள் காந்திமதிக்கு மாசியில் கல்யாணம் குறித்தார்கள். அவள் ஒரே பிடிவாதமாக நின்றாள்.

"என் கல்யாணத்துக்கு அப்பாதான் சமைக்கணும். வேற யாரும் அடுப்பு பத்த வைக்கக் கூடாது."

"என்னால முடியாதும்மா."

"அப்ப பந்தியே வேண்டாம். கோயில்ல மாலையை மாத்திட்டு வந்துருதோம்."

பாசத்தில் சொன்னதுதான். அவருக்கு அது முள்ளாய்க் குத்தியது. ஊருக்கெல்லாம் விருந்து வைத்தவன் சொந்த மகளை வெறும் இலையோடு அனுப்புவதா என்று துடித்துப்போய், ஐப்பசியில் மலையேறி உமையாள் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

உமையாள் அம்மாவுக்கு ஆவுடையப்பனைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. ஒரு காலத்தில் காற்றாலைகளில் என்ஜினீயராக இருந்தவர். அதை விட்டுவிட்டு வந்து, மலைமேல் ஒரு சின்ன ஆசிரமம் வைத்து, ஏழெட்டுப் பேரோடு இருந்தார். ரொம்பப் பேச மாட்டார். சிரிப்பு மட்டும் சீக்கிரம் வரும். எல்லோரையும் போல அவரும் இவரை அண்ணாச்சி என்றார். இவர் அவரை அம்மா என்றார்.

தினமும் காலையில் ஆவுடையப்பன் போய் நிற்பார்.

"அம்மா, எங்கிட்ட இருந்தது எங்க போச்சு?"

"பாப்போம் அண்ணாச்சி."

"ஒரு மந்திரமாவது குடுங்க. கையில ரெண்டு தாயத்து கட்டியாச்சு. மூக்குல விட வைத்தியர் எண்ணெய் குடுத்திருக்காரு. நீங்களும் ஏதாவது குடுத்தா சேத்து வச்சுக்கிடுவேன்."

"பாப்போம்."

சும்மா இருக்க முடியாத மனுஷன் ஆசிரமத்து அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே பிடித்தது சனி. வாசனை தெரியாததால், பரம்பரை வழக்கத்தை மீறி நாக்கில் வைத்துப் பார்த்தார். மூக்கு அடைத்துக்கொண்டால் நாக்கு மட்டும் என்ன செய்யும். உப்பு பற்றவில்லை போல் இருக்கும், போடுவார். காரம் பற்றவில்லை போல் இருக்கும், போடுவார். ஒரு பெரிய மனிதர் மனசு நோகக் கூடாது என்று எல்லோரும் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டார்கள். கூடமாட வேலை செய்த மலைக்காரப் பெண் பேச்சியம்மாள் மோரைக் குடித்தே உயிரைக் காப்பாற்றிக்கொண்டாள்.

அந்த மலைக்குக் கரண்டு கம்பி வரவில்லை. கூரைமேல் சோலார் பலகைகள் இருந்தன. கீழே ஒரு சின்ன அறையில் பன்னிரண்டு பேட்டரி செல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் எண்ணெய் டின்னைவிடக் கொஞ்சம் உயரம். பகலில் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி விளக்குக்குக் கொடுக்கும். அவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சுவரில் ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும்.

கார்த்திகைத் தீபத்துக்கு மலைக்காரர்கள் எல்லாம் சாப்பிட வந்தபோது உமையாள் அம்மா ஊரில் இல்லை. அப்போது நாள்கணக்காக மூட்டம். வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் வடைக்கும் தோசைக்கும் கிரைண்டரைப் போட்டார்.

"அண்ணாச்சி, பெட்டியில சிவப்பு லைட்டு மினுங்குது" என்றாள் பேச்சியம்மாள்.

"மினுங்கட்டும். வந்த சனம் பசியோட போகுமா" என்று கரண்டு தீர்ந்து கிரைண்டர் தானாக நிற்கும்வரை ஆட்டினார். மூட்டமும் அதற்குப் பிறகு ரொம்ப நாள் கலையவில்லை.

தை பிறந்து நல்ல வெயில் வந்தும் விளக்குகள் தேறவில்லை. ஒருநாள் சாயங்காலம் பதிகம் பாடிக்கொண்டிருக்கும்போது பாதிப் பாட்டில் எல்லாம் அணைந்தன. பாட்டை இருட்டிலேயே முடித்துவிட்டு அம்மா சொன்னார்:

"அண்ணாச்சி, பேட்டரி ரூமைக் கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கிடுங்க."

"எனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரிஞ்சுக்கலாம்."

மறுநாள் காலையில் கண்ணாடியும் கையுறையும் மாட்டிவிட்டு அவரைக் கூட்டிப்போனார். ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்தார். அதற்குள் ஒரு மிதவை.

"செல்லுக்குள்ள தண்ணியும் அமிலமும் கலந்திருக்கு. இதை விட்டு உறிஞ்சுங்க. அமிலம் போதுமா இருந்தா மிதவை பச்சைக் கோட்டுல நிக்கும். குறைஞ்சா சிவப்புக்கு இறங்கிரும்."

"உப்பு பாக்குற மாதிரிதான்" என்றார் ஆவுடையப்பன்.

அம்மா சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஆவுடையப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் பச்சைக்குப் பக்கத்தில் நின்றன. ஏழாவது செல்லில் மட்டும் மிதவை சிவப்பிலேயே கிடந்தது. ஆகா, திருடன் மாட்டினான் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மூலையில் அமிலக் கேன் இருந்தது. செல்லில் மட்டமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. அளவாக ஊற்றினார், மறுபடி பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மிதவை ஜம்மென்று பச்சையில் ஏறி நின்றது.

"சரி பண்ணிட்டேன் அம்மா" என்று போய்ச் சொன்னார். வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அன்றைக்குப் பாட்டு தொடங்கும் முன்பே விளக்கு அணைந்தது.

விடிந்ததும் ரெண்டு பேரும் ஏழாவது செல்லின் முன்னால் நின்றார்கள்.

"என்ன பண்ணினீங்க?"

"அமிலம் ஊத்துனேன்."

"எதுக்கு?"

"குறைஞ்சிருந்துச்சே."

"குறைஞ்சது எங்க போச்சு அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "கரண்டோட போயிருக்கும்."

"கரண்டோட அது போகாது. உள்ள ஈயத் தட்டு இருக்கு. பேட்டரி இறங்க இறங்க அமிலம் போய் அதுல படியும். வெயில் வந்தா கரைஞ்சு திரும்பிரும். காலியாவே ரொம்ப நாள் போட்டுட்டா உப்பு பூத்த மாதிரி இறுகிப்போயிரும். இது இறுகிக் கிடக்கு."

"அப்ப நான் ஊத்துனது?"

"மிதவைக்குத்தான் பந்தி வச்சிருக்கீங்க, தட்டுக்கு இல்ல."

ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. திருகுச் சாவியை எடுத்து ஏழாவது செல்லின் இணைப்பைக் கழற்றினார். ஆறையும் எட்டையும் ஒரு வயரால் சேர்த்தார். மற்ற பதினொன்றும் ஒப்பேற்றட்டும் என்று சுவர்ப்பெட்டியில் சார்ஜ் ஏற்றும் அளவைக் குறைத்து வைத்தார். ஏழாவதைச் சன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி, அதற்கு மட்டும் ஒரு சின்னப் பலகையும் ஒரு குட்டிச் சார்ஜரும் மாட்டினார். சார்ஜரில் ஒரு திருகு இருந்தது. அதை ரொம்பக் கொஞ்சமாகத் திருப்பினார்.

"இம்புட்டுதானா?" என்றார் ஆவுடையப்பன்.

"இம்புட்டுதான்."

"எந்த விளக்குக்கு இதை மாட்டணும்?"

"எதுக்கும் மாட்ட வேண்டாம். இதுகிட்ட இப்ப யாரும் எதுவும் கேக்கக் கூடாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "இது தேறுற வரைக்கும் நீங்க அடுப்படிக்குப் போக வேண்டாம். பேச்சி பாத்துக்கிடுவா. உங்களுக்கு உப்பில்லாத கஞ்சி வரும்."

"மாசி வந்துக்கிட்டே இருக்கு அம்மா. நான் கைப்பழக்கத்தையும் விட்டுட்டா என் மக பந்தி என்ன ஆகும்?"

"கஞ்சி சூடா வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஆவுடையப்பன் செல்லுக்குக் காவல் உட்கார்ந்தார். கஞ்சி வந்தது, குடித்தார். காலையில் மிதவையைப் பார்த்தார், அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. பொழுதுக்கும் ஒரு டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தானா ஊரை விட்டு வந்தோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. கீழே பேருந்து ஏறினால் வேறு சாமியார்களும் இருக்கிறார்கள். கேட்டதும் கொடுப்பார்கள்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. சார்ஜரின் திருகை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தார். அவர் கையைப் பிடித்துச் செல்லின் பக்கவாட்டில் வைத்தார்.

"சுடுது" என்றார் ஆவுடையப்பன்.

"பாயசம் அடிப்பிடிக்கப் போகுதுன்னா என்ன செய்வீங்க?"

"தீயைக் குறைப்பேன்."

"பந்தியில ஆளு காத்துக்கிட்டு இருந்தா?"

"எவன் காத்திருந்தா என்ன அம்மா. பாயசம் அவன் அவசரத்துக்கா வேகும்?" சொல்லி முடித்ததும் அவருக்கே சுருக்கென்றது. தானாகவே போய்த் திருகைக் குறைத்தார்.

அதன் பிறகு அவர் சார்ஜரைத் தொடவில்லை. வெயில் ஏறும்போது சின்னப் பலகையைத் துடைப்பார். பொழுது சாய்ந்தால் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்பார். தேறுமா தேறாதா என்று கேட்பதையும் விட்டுவிட்டார். காலையில் போய் நின்று கேட்கும் கேள்வியும் எப்படியோ நின்றுபோனது.

ஒருநாள் மத்தியானம் சத்தம் கேட்டது. உலை காயும் முன்னால் பாத்திரத்தின் அடியில் வருமே, அந்த மாதிரி மெல்லிசாக. மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, கொதிக்குது" என்று கூப்பிட்டார்.

அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "கொதிக்கல. இளகுது."

ரெண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியவில்லை, ஆவுடையப்பன் பேச ஆரம்பித்தார்.

"சொர்ணத்துக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாந்தான் சமைச்சேன் அம்மா."

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம்னு எல்லாரும் சொன்னாங்க. மச்சான் வேற சமையல் ஆளுக்குச் சொல்லியும் வச்சுட்டாரு. நான் கேக்கல. அவளுக்கு என் கையால கடைசிப் பந்தி, எவனையும் அடுப்புப் பக்கம் விட மாட்டேன்னு நின்னேன். வந்த சனம் முழுக்கச் சாப்பிட்டுச்சு. ஒருத்தரும் குறை சொல்லல. பாயசத்தை இறக்கி வச்சேன் பாருங்க, அதுதான் கடைசியா வந்த வாசனை. அதுக்குப் பொறகு ஒண்ணும் தெரியல."

"அழுதீங்களா?"

"எங்க அம்மா நேரம்? செத்த அன்னைக்கு வந்தவங்களுக்குக் காப்பி பாத்தேன். அப்புறம் பதினாறுக்குச் சாமான் வாங்கப் போயிட்டேன். அப்புறம் கல்யாணத்துக்கு வாங்கின அட்வான்ஸ் இருந்துச்சு..."

மேலே பேச முடியவில்லை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. சொர்ணம், சொர்ணம் என்று வாய்விட்டு அழுதார். கல்யாணமான நாள்முதல் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது போல் அழுதார். உமையாள் அம்மா ஆறுதல் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. வெயில் இறங்கிக் குமிழிச் சத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

அடுத்த நாளும் அழுதார். அதற்கடுத்த நாள் கொஞ்சம் அழுதார். குமிழி வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் ரெண்டு பேரும் அறைக்குள் நுழைந்தார்கள். ஆவுடையப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நேரே போய்ச் சன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.

"அமில நெடி அம்மா. தொண்டையைக் கமறுது. நீங்க தள்ளி நில்லுங்க."

உமையாள் அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"மிதவையைப் பாருங்க" என்றார்.

உறிஞ்சிப் பார்த்தார். மிதவை பச்சைக் கோட்டையும் தாண்டி மேலே போய் நின்றது. அவருக்கு நம்ப முடியவில்லை. கொட்டிவிட்டு மறுபடி உறிஞ்சினார். அப்படியேதான்.

"நீங்க ஒரு சொட்டும் ஊத்தலையே. எங்க இருந்து வந்துச்சு?"

"எங்கயும் போகல."

"ஆனா பச்சையைத் தாண்டிருச்சே?"

"ஆமா. அதோடது அதுக்குத் திரும்பிருச்சு. மேல நிக்குறது நீங்க ஊத்தினது."

அம்மா ஒரு கண்ணாடி ஜாடியை நீட்டினார். குழாயால் உறிஞ்சி உறிஞ்சி அதில் விடச் சொன்னார். எடுத்த அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரைச் செல்லில் ஊற்றச் சொன்னார். வெயிலில் நன்றாகக் கலக்கட்டும் என்று விட்டு, மறுபடி பார்த்து, மறுபடி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மிதவை பச்சைக் கோட்டில் வந்து நின்றது. ஜாடியில் இருந்ததைத் தூக்கிப் பார்த்து ஆவுடையப்பன் சிரித்துவிட்டார்.

"இத்தனையும் நானா ஊத்துனேன்?"

"பேச்சிகிட்டக் கேளுங்க. அவ இன்னும் கூடச் சொல்லுவா."

ஏழாவது செல் வரிசைக்குத் திரும்பியது. சுவர்ப்பெட்டி பழைய அளவுக்கு வந்தது. அன்றைக்குப் பதிகம் முழுசாகப் பாடி முடித்தார்கள். சாப்பிடும் நேரத்திலும் விளக்கு எரிந்தது. இனி ஆவுடையப்பனுக்கும் எல்லோரையும் போல இலையில் சோறு வைக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

பேச்சியம்மாள் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். ஆவுடையப்பன் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் வருவதற்குள், பாதிக் கூடத்தில் இருக்கும்போதே, அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஏ பேச்சி. ரசத்துக்கு உப்பு போட மறந்துட்டியா?"

அவள் நின்றாள். சட்டியைக் கீழே வைத்து, உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆமா அண்ணாச்சி. சுத்தமாப் போடல."

ஆவுடையப்பன் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுத்தார். மிளகு. சீரகம். தாளித்த நெய். ஓரத்தில் கொஞ்சம் கருகிய கறிவேப்பிலை.

"எவ்வளவு போடட்டும்?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஒண்ணரைக் கரண்டி" என்றார். "தலை தட்டிப் போடு."

அவள் போட்டுக் கலக்கினாள். அம்மா தன் இலையில் வாங்கிச் சாப்பிட்டார். இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.

மறுநாள் காலையில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று ஆவுடையப்பன் மகளுக்குப் போன் போட்டார்.

"காந்திமதி, பந்தல்ல அடுப்பு எந்தப் பக்கம் போடுதாங்கன்னு கேட்டுச் சொல்லு. காத்துக்கு எதிர்ல போட்டுறப் போறானுக. எனக்கு வாசனை வரணும்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அவர் பொறுமையாக, அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

பையைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தபோது உமையாள் அம்மா கூரைமேல் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் கீழே நின்று கும்பிட்டார்.

"போயிட்டு வாரேன் அம்மா."

"நல்லது அண்ணாச்சி. கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் வருவோம். பேச்சிக்கு ரெண்டு இலை போடுங்க."

அவர் போகவில்லை. கொஞ்சம் தயங்கினார்.

"இத்தனை நாள் கேட்டேன். நீங்க ஒண்ணுமே குடுக்கல. வெறுங்கையோட அனுப்பாதீங்க. என் மிச்சக் காலத்துக்கு ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா."

உமையாள் அம்மா துணியைப் பிழிந்து உதறினார். மேற்கே மலைமுகட்டில் ஒட்டியிருந்த மேகத்தைப் பார்த்தார்.

"வெயில் இல்லாத அன்னைக்குக் கிரைண்டர் போடாதீங்க."